பெற்றோல் விலை ஏறும்போது ஸ்டாண்டில் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

நான் கல்லடியில் இருக்கிறேன். 14 வருடமாக ஆட்டோ ஓட்டுகிறேன், பகலில் பெரும்பாலும் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிப் பக்கம்தான் நிற்பேன். விலை ஏறுகிற ஒவ்வொரு தடவையும் ஸ்டாண்டில் நிற்கிற தம்பிமார், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற ஆட்கள், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) வைத்திருக்கிறவர்கள் என்று எல்லோரும் சுற்றிச்சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி முடியாது, அதனால் எழுதி வைக்கிறேன். கணக்குக்கு லீற்றர் 300 ரூபா என்று எடுத்திருக்கிறேன், அது பெருக்கிப் பிரிக்க லேசான எண். உங்கள் செட்டில் (பெற்றோல் நிலையத்தில்) இன்றைக்கு என்ன விலை எழுதியிருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விலை எதை வைத்து ஏறுகிறது? எப்போது மாறும் என்று முன்கூட்டியே தெரியுமா?

நம் நாட்டில் எண்ணெய் எடுப்பதில்லை, எல்லாம் கப்பலில் வருகிறது. சப்புகஸ்கந்தையில் சுத்திகரிக்கிறதற்கும் மசகு எண்ணெய் வெளியிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே உலகச் சந்தை விலை ஒன்று, டொலர் விலை ஒன்று, அரசாங்கத்தின் வரி ஒன்று, இந்த மூன்றும்தான் முக்கியம். வழமையாக மாதக் கடைசி நாள் இரவில் புதிய விலையை அறிவிப்பார்கள், சில மாதம் மாற்றம் இல்லை என்றும் சொல்வார்கள். டொலர் என்ன செய்யும் என்பதை 2022 இல் பார்த்தோம்: ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல் ஜூன் 26 இல் 470 ரூபாவுக்கு வந்து நின்றது. ஆறு மாதம்கூட இல்லை.

எங்கள் பக்கத்துக்கு எண்ணெய் கொழும்புப் பக்கம் கொலன்னாவைக் களஞ்சியத்திலிருந்து ரயிலிலும் வருகிறது. 2024 ஒக்டோபரில் அப்படி மட்டக்களப்புக்கு வந்த எண்ணெய் ரயில் மின்னேரியாப் பக்கம் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டு, எண்ணெய் நிலத்தில் கொட்டிப் போனது, யானைகளும் செத்துப்போயின. கடலோரத்தில் இருக்கிற ஊர் என்றாலும் எங்கள் பெற்றோல் காட்டுக்குள்ளால்தான் வருகிறது.

மாதக் கடைசி இரவு லைனில் நின்று அடித்து வைப்பது லாபமா?

ஆட்டோவுக்கு 5 லீற்றர் அடிக்கிறீர்கள், விலை 10 ரூபா ஏறப்போகிறது என்றால் மிஞ்சுவது 50 ரூபா. அதற்கு முக்கால் மணித்தியாலம் லைனில் நிற்கிறதென்றால் அந்த நேரத்தில் காத்தான்குடிக்கு ஒரு ஹயர் (வாடகை ஓட்டம்) போய் வந்திருக்கலாம். கானில் அடித்து வீட்டில் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். சமையல் நடக்கிற வீட்டில், பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடத்தில், பெற்றோல் கான் இருக்கவே கூடாது.

என் வண்டி லீற்றருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று எப்படிச் சரியாகப் பார்ப்பது?

"முப்பது ஓடுது" என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. வண்டி வாங்கும்போது கடைக்காரர் சொன்னதை நாலு வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டிருப்போம்.

டாங்கை வாய்வரை நிரப்புங்கள், மீற்றரில் உள்ள கிலோமீற்றரை எழுதுங்கள். வழமைபோல ஓட்டுங்கள், சோதனை என்று மெதுவாக ஓட்டவேண்டாம், ஏனென்றால் உங்களுக்குத் தெரியவேண்டியது வழமையான நாளின் கணக்கு. மூன்று நாலு நாள் கழித்து அதே செட்டில், முடிந்தால் அதே பம்பில், வண்டியை அதே மாதிரி மட்டமான இடத்தில் நிறுத்தி, திரும்ப அதே அளவுக்கு நிரப்புங்கள். ஓடிய கிலோமீற்றரை இரண்டாவது தடவை பிடித்த லீற்றரால் பிரித்தால் வருவதுதான் உங்கள் எண். ஒரு தடவை பார்த்து முடிவெடுக்க வேண்டாம், மூன்று தடவை பாருங்கள். மீற்றர் கேபிள் அறுந்து கிடக்கிற வண்டிகள் எங்கள் ஸ்டாண்டிலேயே இருக்கின்றன, முதலில் அதைப் போடுங்கள். கேபிள் காசை ஒரு கிழமையில் எடுத்துவிடலாம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், லீற்றருக்கு 25 ஓடவேண்டிய வண்டி பழுதால் 21 ஓடுகிறது என்று வையுங்கள். 300 ரூபாப் பெற்றோலில் கிலோமீற்றருக்கு 12 ரூபா போகவேண்டிய இடத்தில் 14 ரூபா 30 சதம் போகிறது. நல்ல வண்டி வைத்திருக்கிற ஒருவருக்கு அந்தச் செலவு வருவதானால் அவர் லீற்றர் 357 ரூபாவுக்கு அடிக்கவேண்டும். அதாவது அரசாங்கம் விலை ஏற்றாமலே உங்களுக்கு மட்டும் 57 ரூபா ஏறியிருக்கிறது, உங்களுக்கே தெரியாமல். இந்தக் கணக்கை நான் முதன்முதல் போட்டுப் பார்த்த அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதற்கு முந்திய ஒரு வருடம் நான் அப்படித்தான் ஓடியிருக்கிறேன்.

கிலோமீற்றருக்கு மொத்தச் செலவு எவ்வளவு? பெற்றோல் மட்டும்தானே?

இல்லை. பெற்றோல் கையில் இருந்து தினமும் போவதால் கண்ணுக்குத் தெரிகிறது. மற்றதெல்லாம் தேய்மானமாகப் போய் ஒருநாள் மொத்தமாக வந்து நிற்கும், அந்த நேரம்தான் காதில் கிடக்கிறதை அடைவு வைக்க வேண்டி வரும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன், உங்கள் கடையின் விலையை நீங்கள் போடுங்கள். ரயர் ஒன்று 8,000 ரூபா, 16,000 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால் ஒரு ரயருக்குக் கிலோமீற்றருக்கு 50 சதம், மூன்றுக்கும் ஒன்றரை ரூபா. ஒயில் மாற்றி பில்டர் பார்த்து ஒரு சர்வீஸ் 3,600 ரூபா, 3,000 கிலோமீற்றருக்கு ஒருதரம் என்றால் 1 ரூபா 20 சதம். பிரேக் ஷூ, கேபிள்கள், பிளக், பேரிங், ஒட்டுப் போடுகிற காசு எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு 1 ரூபா 30 சதம் வையுங்கள். ஆக 4 ரூபா. பெற்றோல் 12, தேய்மானம் 4, மொத்தம் 16 ரூபா வண்டி உருண்டால் போகிற காசு.

அதற்கு மேல் உருண்டாலும் உருளாவிட்டாலும் போகிற காசு இருக்கிறது: லீசிங், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை. லீசிங் மாதம் 24,000 ரூபா, மாதத்துக்கு 2,000 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்றால் அது மட்டும் கிலோமீற்றருக்கு 12 ரூபா. பெற்றோல் எவ்வளவோ அவ்வளவு! செட்டில் விலை ஏறினால் ஊரெல்லாம் பேசுகிறோம், லீசிங் கட்டுகிற காசை ஒருவரும் கிலோமீற்றரால் பிரித்துப் பார்ப்பதில்லை.

நான் செய்வது, ஒவ்வொரு இரவும் ஓடிய கிலோமீற்றரை 4 ஆல் பெருக்கி அந்தக் காசை ஒரு பேணிக்குள் போடுவேன். 80 கிலோமீற்றர் ஓடினால் 320 ரூபா. போன தடவை பின் ரயர் இரண்டும் மாற்றியபோது யாரிடமும் கடன் வாங்கவில்லை.

லீற்றருக்கு 30 ரூபா ஏறினால் ஹயருக்கு எவ்வளவு கூட்டிக் கேட்கலாம்?

இதில்தான் எங்கள் ஆட்களோடு எனக்குப் பிரச்சினை வருவது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

லீற்றருக்கு 25 ஓடுகிற வண்டிக்கு 30 ரூபா ஏற்றம் என்றால் கிலோமீற்றருக்கு 1 ரூபா 20 சதம். ஆஸ்பத்திரியடியிலிருந்து ஆரையம்பதிக்கு ஏறக்குறைய 8 கிலோமீற்றர். வெறுமையாகத் திரும்பி வருவதையும் சேர்த்து 16 என்று வைத்தால் கூடுதல் செலவு 19 ரூபா 20 சதம். 20 ரூபா கூட்டிக் கேட்டால் உங்கள் நட்டம் அடைபட்டுவிட்டது. 100 ரூபா கூட்டிக் கேட்டால் அது பெற்றோலுக்கான காசு அல்ல.

மாதத்துக்கு 2,000 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு அந்த 30 ரூபா ஏற்றத்தால் 2,400 ரூபா கூடப் போகும், நாளுக்கு 80 ரூபா மாதிரி. சிறிய காசு என்று நான் சொல்லவில்லை, அது வீட்டில் ஒரு நேரச் சாப்பாட்டுக் கறி. ஆனால் அதைப் பத்து ஹயரில் பிரித்து எடுக்கலாம், ஒரே ஆளின் தலையில் கட்டவேண்டியதில்லை.

கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து கிளினிக்குக்கு வருகிற ஒரு அம்மா இருக்கிறார், சீனி வருத்தம், மாதம் ஒருதரம் வருவார். போன தடவை விலை ஏறின கிழமை வந்தார். ஏறும் முன்பே வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மகன், பெற்றோல் ஏறிட்டுதாம், இப்ப எவ்வளவு கூடக் கேப்பீங்க?" முந்தானையில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்த காசை அவிழ்க்கவே இல்லை, பதில் வரும்வரை. நான் "ஐம்பது ரூபாதான் அம்மா கூட வரும், தூரம் நாற்பது கிலோமீற்றர் போய்வர" என்று கணக்கைச் சொன்னேன். "அப்ப சரி" என்று ஏறினார். மண்முனைப் பாலம் தாண்டும்வரை அவருடைய மகளின் கதைதான். அந்தப் பாலம் 2014 இல் திறந்த பிறகுதான் இந்த ஹயரே ஓடுகிற மாதிரி ஆனது, முன்பு துறையில் பாதைக்கு (ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடக்கிற மிதவைக்கு) காத்துக்கிடக்க வேண்டும். விலை குறையும்போது அந்த 50 ரூபாவைத் திரும்பக் குறைப்பேன் என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். குறைப்பேன்.

கணக்கைச் சொல்லிக் கேட்டால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. சனம் கோபப்படுவது ஏன் என்று தெரியாமல் காசு கூடும்போதுதான்.

வெறும் ஓட்டத்தைக் குறைக்க என்ன செய்யலாம்?

ஆள் இல்லாமல் ஓடுகிற ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அந்த 16 ரூபா உங்கள் சட்டைப்பையிலிருந்துதான் போகிறது. ஒரு கிழமைக்கு மட்டும் ஆளோடு ஓடியது, வெறுமையாக ஓடியது என்று இரண்டு நிரலாக எழுதிப் பாருங்கள். நான் எழுதியபோது வெறும் ஓட்டம் பாதிக்குக் கிட்ட இருந்தது.

என்னால் முடிந்தவை இவை. தூர ஹயர் போனால் இறக்கிவிட்ட உடனே திரும்பாமல், அந்த இடத்தில் ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் நின்று பார்ப்பேன். களுவாஞ்சிக்குடிச் சந்தையடியில் அப்படி நின்றால் பத்துக்கு நாலு தடவை ஆள் கிடைக்கும், படுவான்கரை உள்ளூர்களில் கிடைக்காது, அங்கே நிற்பது நேரவிரயம். ஊர் ஊராக ஒரு ஆட்டோக்காரரின் இலக்கத்தைக் கையில் வைத்திருக்கிறேன். செங்கலடிக்குப் போகிற ஹயர் எனக்கு வந்தால், செங்கலடியிலிருந்து டவுனுக்கு ஆள் கொண்டுவந்து நிற்கிற தம்பிக்கு அழைத்துக் கொடுத்துவிடுவேன், அவரும் எனக்கு அப்படித் தருவார். இரண்டு பேரும் வெறுமையாகப் போவது மிச்சம். இதற்கு நம்பிக்கை வேண்டும், ஒருதரம் ஒருவர் ஏமாற்றினால் முடிந்துவிடும், ஆனால் இதுவரை நடக்கவில்லை.

பாடசாலை ஹயர் இருக்கிறவர்கள் பிள்ளைகளை ஏற்றுகிற ஒழுங்கை ஒருதரம் வரைந்து பாருங்கள். வீடு வீடாகச் சேர்ந்த பிள்ளைகள் என்பதால், சேர்ந்த வரிசையிலேயே ஏற்றிக்கொண்டு இருப்போம், ஒரே வீதியில் மூன்று தரம் குறுக்கும் நெடுக்கும் போவோம்.

கோயில் காலத்தை மறக்காதீர்கள். ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தம், கொக்கட்டிச்சோலைத் தேர், மண்டூர்த் திருவிழா, வைகாசிக் கண்ணகை அம்மன் சடங்கு, இந்த நாட்களில் போகும்போதும் ஆள், வரும்போதும் ஆள். அந்த நாட்களில் வீட்டில் நிற்காமல் ஓடினால் மற்ற நாளின் வெறும் ஓட்டத்தை ஈடு கட்டலாம்.

காலையில் குளிரில் அடித்தால் பெற்றோல் கூடக் கிடைக்குமாமே?

பெற்றோல் சூட்டில் விரியும் என்பது உண்மை, 10 பாகை கூடினால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று விரியும். ஆனால் செட்டில் டாங்க் நிலத்துக்குக் கீழே இருக்கிறது, அதற்குள் பகல் இரவு வித்தியாசம் மிகக் குறைவு. அதற்காக அதிகாலையில் எழும்பவேண்டாம்.

95 ஒக்ரேன் பெற்றோல் அடித்தால் கூட ஓடுமா?

ஆட்டோவுக்கும் சாதாரண மோட்டார் சைக்கிளுக்கும் வேண்டாம். ஒக்ரேன் எண் என்பது பெற்றோலின் பலம் இல்லை, அமுக்கத்தில் முந்தி வெடிக்காமல் தாங்கும் தன்மை. நமது என்ஜின்களின் அமுக்கத்துக்கு 92 போதும். புத்தகத்தில் 95 என்று போட்டிருக்கிற வாகனத்துக்கு 95 தான் அடிக்கவேண்டும், அது வேறு கதை.

மண்ணெண்ணெய் கலந்தால் என்ன? 2022 இல் எல்லோரும் செய்தார்களே?

செய்தார்கள், எனக்குத் தெரியும். அந்த வருடம் ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய் என்று சொன்னார்கள், பெற்றோல் 470, மண்ணெண்ணெய் 87 ரூபா. பசியோடு இருக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் பெரிது. நான் அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வருடம் அவர்களின் வண்டிகள் கராஜில் எப்படிக் கிடந்தன என்பதையும் பார்த்தேன்.

மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாதது பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், பிளக்கிலும் வால்விலும் கரி கட்டும், என்ஜின் சூடேறித் தட்டும். பிறகு ரீபோர் (சிலிண்டரைத் திரும்பக் கடைகிற வேலை) செய்யவேண்டி வரும், அந்தக் காசுக்கு எத்தனை லீற்றர் பெற்றோல் என்று பாருங்கள். அந்த ஓகஸ்ட் மாதமே மண்ணெண்ணெயையும் 340 ரூபாவுக்கு ஏற்றிவிட்டார்கள், வாவியிலும் கடலிலும் என்ஜின் தோணி ஓட்டுகிற மீன்பிடிக்காரர்கள்தான் அதில் அதிகமாக அடிபட்டார்கள்.

கியூஆர் முறை (வண்டிக்குக் கிழமைக்கு இவ்வளவுதான் எண்ணெய் என்ற பங்கீடு) திரும்ப வந்தால் எப்படிச் சமாளிப்பது?

2022 ஓகஸ்ட் 1 முதல் நாடு முழுக்க வந்தபோது ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர்தான். 5 லீற்றரில் 125 கிலோமீற்றர், கிழமைக்கு! அந்த நேரம் தப்பியவர்கள் நிரந்தர ஹயர் வைத்திருந்தவர்கள். கிளினிக் ஆட்கள், பாடசாலைப் பிள்ளைகள், கடைக்குச் சாமான் ஏற்றுகிறவர்கள். தெருவில் கை காட்டுகிற ஆளை நம்பி ஓடியவர்கள் மூன்றாம் நாள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அந்த முறை 2023 செப்டெம்பர் 1 ஓடு நின்றது. நிரந்தர ஆட்களைச் சேர்ப்பதை விலை நன்றாக இருக்கும்போதே செய்யுங்கள்.

பம்பில் அளவு குறைகிறது என்று சந்தேகம். என்ன செய்ய?

முதலில் இலக்கம் சைபரில் இருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள், ஆட்டோவுக்குள் இருந்தபடி திரும்பிப் பார்ப்பது சரிவராது. எனக்கு ஒரு தடவை ஒரு செட்டில் (எது என்று சொல்லவில்லை) முன்னால் நின்றவருக்கு அடித்த இலக்கத்திலிருந்தே தொடங்கி 340 ரூபாவுக்கு மேல் போட்டுவிட்டார்கள். கேட்டபோது பையன் மன்னிப்புக் கேட்டு மிச்சத்தை அடித்தார், களைப்பில் நடந்திருக்கலாம். ஆனால் நான் பார்க்காவிட்டால் போனது போனதுதான்.

கொப்பியில் எழுதுகிற பழக்கம் இருந்தால் ஒரு குறிப்பிட்ட பம்பில் அடித்த தடவையெல்லாம் ஓட்டம் குறைகிறதா என்று தெரியும். அப்படித் தெரிந்தால் அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள். சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். பில் வாங்கி வைத்திருங்கள், அது இல்லாமல் முறைப்பாடு நிற்காது.

கராஜுக்குப் போகாமல் நானே என்னென்ன பார்க்கலாம்?

காற்று முதலாவது. கையால் அமத்திப் பார்த்துத் தெரியாது, கேஜ் ஒன்று வாங்கி வைத்து கிழமைக்கு ஒருதரம், வண்டி ஓடுமுன் ரயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறு, உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கும்.

பிறகு பிளக். கழற்றி நுனியைப் பாருங்கள். வெளிறிய மண்ணிறமாக, காய்ந்த களிமண் மாதிரி இருந்தால் நல்லது. கரிச்சட்டி அடி மாதிரிக் காய்ந்த கறுப்பாக இருந்தால் பெற்றோல் கூடப் போகிறது: எயார் பில்டர் அடைத்திருக்கலாம், சோக் கேபிள் இறுகி முழுதாகத் திரும்பாமல் இருக்கலாம், காபரேற்றர் பார்க்கவேண்டியிருக்கலாம். கறுப்பாகவும் எண்ணெய்ப் பிசுக்காகவும் இருந்தால் ஒயில் எரிகிறது, அது ரிங் வேலை, தள்ளிப்போடாதீர்கள். எனக்கு 25 இலிருந்து 21 க்கு விழுந்ததற்குக் காரணம் கடைசியில் சோக் கேபிள்தான். ஒரு வருடம்! மெக்கானிக் அண்ணன் இரண்டு விரலால் கேபிளை இழுத்துக் காட்டினார், விட்டபோது அது திரும்பிப் போகவில்லை, பாதியில் நின்றது.

பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்றும் பாருங்கள். கொஞ்சத்தூரம் ஓடிவிட்டு மூன்று சில்லின் நடுவிலும் கையைக் கிட்டக் கொண்டுபோனால் ஒன்று மட்டும் கூடச் சுட்டால் அது இறுகியிருக்கிறது. ஜக் அடித்துத் தூக்கிச் சில்லைக் கையால் சுற்றினாலும் தெரியும்.

படுவான்கரையில் கிரவல் வீதியில் அதிகம் ஓடுகிறவர்கள் எயார் பில்டரை மற்றவர்களை விட இரண்டு மடங்கு அடிக்கடி தட்டவேண்டும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் ஒயிலைக் கண்மட்டத்தில் ஊற்றவேண்டாம், புத்தகம் சொல்கிற அளவுதான், கூட ஊற்றினால் புகையும் கரியும் மட்டுமே மிச்சம்.

கச்சான் காற்றிலும் மாரியிலும் பெற்றோல் கூடப் பிடிக்கிறதே, அது உண்மையா?

உண்மைதான். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மேற்குப் பக்கம் பார்த்து ஓடினால் ஆட்டோ கூடாரம் பாய் மாதிரிக் காற்றைப் பிடிக்கும். வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும், அக்சிலேற்றரை முறுக்கினாலும் வண்டி போகாது. அதில் முறுக்கி ஓட்டினால் பெற்றோல்தான் போகும், 5 கிலோமீற்றர் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பக்கத்துப் படங்குகளைச் சுருட்டிக் கட்டிவிடுவதும் உதவும்.

மாரியில் வெள்ளத்துக்குள் விடுவதுதான் பெரிய செலவு. சில்லுப் பேரிங்குக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் தண்ணி போனால் மாசி மாதம் வரை தொல்லை. கிரான் பக்கம் தண்ணி வீதியை மூடுகிற நாட்களில் எவ்வளவு கூடத் தந்தாலும் நான் இறங்க மாட்டேன்.

பாலத்து இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி உருட்டலாமா?

எங்கள் ஊர் மேசை மாதிரி மட்டம், கல்லடிப் பாலத்து இறக்கத்தில் மிஞ்சுவது ஒரு சொட்டு. பதுளைப் பக்கம் போகிறவர்கள் கனவிலும் செய்யக்கூடாது, என்ஜின் பிடிக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடாகிக் கைவிடும்.

லீசிங் கட்ட முடியவில்லை. என்ன செய்யலாம்?

தவணை தவறும் முன்பே போய்ப் பேசுங்கள். தவறிய பிறகு போனால் அவர்களின் குரல் வேறு. 2022 இல் எனக்கு ஒரு நிறுவனம் சில மாதத் தவணையைப் பின்னுக்குத் தள்ளித் தந்தது, பெரிய உதவி என்று நினைத்துக் கையெழுத்து வைத்தேன். கடைசியில் அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறி, நான் நினைத்ததை விட மொத்தம் எவ்வளவோ கூடியிருந்தது. தாளில் எழுதியிருந்தது உண்மைதான், ஆனால் ஒருவரும் எனக்கு விளங்கப்படுத்தவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் இரண்டே கேள்வி கேளுங்கள்: இன்றைக்கு முழுதும் கட்டினால் எவ்வளவு, நீங்கள் சொல்கிற மாதிரிப் போனால் கடைசிவரை மொத்தம் எவ்வளவு. இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தாள் வந்தால் தமிழில் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. அநியாயம் நடக்கிறது என்றால் மத்திய வங்கிக்கு முறையிட 1935 இலக்கம் இருக்கிறது.

காப்புறுதியை மூன்றாந் தரப்புக்கு (அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கு மட்டும், உங்கள் வண்டிக்கு இல்லை) மாற்றினால் காசு மிஞ்சுமா?

மிஞ்சும். லீசிங் இருக்கும்வரை பெரும்பாலும் மாற்ற விடமாட்டார்கள். லீசிங் முடிந்த பழைய வண்டிக்கு யோசிக்கலாம், ஆனால் அந்த வண்டி போனால் வேறு வண்டி வாங்க வழி இல்லாதவர் மாற்றாமல் இருப்பது நல்லது.

மின்சார வண்டிக்கு மாறலாமா?

அதே கிலோமீற்றர்க் கணக்கைத்தான் போடவேண்டும், மின்சாரம் மட்டும் என்று பார்க்கக்கூடாது. பற்றறி 4 இலட்சம் ரூபா, 80,000 கிலோமீற்றர் ஓடும் என்று எழுத்தில் உத்தரவாதம் தருகிறார்கள் என்று வையுங்கள், பற்றறிக்கு மட்டும் கிலோமீற்றருக்கு 5 ரூபா. வீட்டு மின்சாரம் அலகு கூடக் கூட விலை ஏறும், வண்டியை ஏற்றினால் வீட்டு பில்லும் மேல் படிக்குப் போகும், அதையும் சேருங்கள். டவுனுக்குள் ஓடுகிற, இரவில் வீட்டில் நிற்கிற வண்டிக்கு வரும் என்றுதான் என் எண்ணம். அக்கரைப்பற்று, பொத்துவில் என்று தூர ஹயர் போகிறவர் வழியில் எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் வாங்கவேண்டாம். பழுது பார்க்க மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஆள் இருக்கிறாரா என்று வாங்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள்.

நான் ஆட்டோ ஓட்டுவதில்லை, மோட்டார் சைக்கிளில் படுவான்கரைப் பாடசாலைக்குப் போகிற ஆசிரியர். எனக்கு என்ன வழி?

இரண்டு பேர் ஒரு மோட்டார் சைக்கிளில், கிழமைக்கு மாறி மாறி. இதைவிடப் பெரிய மிச்சம் வேறு இல்லை, ஒரே நாளில் செலவு பாதி. மண்டூர்ப் பக்கம் போகிறவர்கள் பட்டிருப்புப் பாலத்தால் வெல்லாவெளி சுற்றாமல் குருமண்வெளித் துறையில் பாதை ஏறினால் எவ்வளவு தூரம் குறையும் என்று உங்கள் மீற்றரில் ஒருநாள் பாருங்கள், பாதைக்குக் காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்து.

லாண்ட்மாஸ்டர், உழவு மெசின் வைத்திருக்கிறவர்களுக்கு?

கிலோமீற்றருக்குப் பதில் ஏக்கர். பெரும்போக உழவில் ஒரு ஏக்கருக்கு எத்தனை லீற்றர் டீசல் போனது என்று எழுதி வைத்தால் சிறுபோகத்தில் கூலி பேசும்போது கையில் எண் இருக்கும். அம்பாறைப் பக்கத்து நண்பர் ஒருவர், ஒரே வயல்வெளியில் பக்கத்துப் பக்கத்து வயல்காரர்களைச் சேர்த்து ஒரே நாளில் உழுவதாகப் பேசிவிட்டுத்தான் மெசினை வெளியில் எடுக்கிறார்.

என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். இந்தக் கணக்கெல்லாம் எழுத அவருக்குப் பொறுமை இல்லை. நான் எழுதலாமா?

எழுதுங்கள் தங்கச்சி, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் சீட்டுக்குக் கீழே ஒரு கொப்பி வைத்திருக்கிறேன், அதில் அடித்த லீற்றர், மீற்றர் இலக்கம், ஹயர் எங்கிருந்து எங்கே என்று மட்டும் கிறுக்கிவிடுவேன். இரவு மனைவி அதைப் பெரிய கொப்பியில் தேதி போட்டு ஏற்றுவார். ஓட்டுகிறவருக்குத் தெரியாதது பார்க்கிறவருக்குத் தெரியும்.

ஒருநாள் மனைவி பென்சிலால் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டு வைத்திருந்தார். ஆஸ்பத்திரியடியிலிருந்து மத்தியானம் சாப்பிட நான் கல்லடிக்கு வந்து போவேன், போக மூன்று, வர மூன்று, 6 கிலோமீற்றர் வெறும் ஓட்டம். மாதத்துக்கு 25 நாள் என்றால் 150 கிலோமீற்றர், 16 ரூபாப்படி 2,400 ரூபா. விலை 30 ரூபா ஏறினால் மாதத்துக்கு எவ்வளவு நட்டம் என்று நான் கணக்குப் போட்டுப் புலம்பிக்கொண்டிருந்தேனே, சதம் பிசகாமல் அதே காசு. அடுத்த நாள் காலையில் சாவியோடு சோற்றுப் பெட்டியும் மேசையில் இருந்தது.